ரெண்டு அட்டை, ஒரு பிரஷர்

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். எந்த மூட்டை யாருடைய தோட்டத்திலிருந்து வந்தது, பச்சைக்காய் எத்தனை கிலோ, உலர்ந்த பிறகு எத்தனை, ஏலத்தில் என்ன விலைக்குப் போனது, இதுதான் 11 வருடமாக என் வேலை. ஒரு கிலோ உதைத்தாலும் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவள், கர்ப்பமாக இருந்தபோது என்னுடைய ரத்த அழுத்தம் 5 மாதத்தில் 100/60-லிருந்து 136/86-க்கு ஏறியதைக் கவனிக்காமல் விட்டேன். எண்கள் எல்லாம் எழுதித்தான் இருந்தன. பாதி மேலே குமுளி அட்டையில் மலையாளக் குறிப்புகளோடு, பாதி கீழே கம்பம் அட்டையில் தமிழில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவரும் பார்க்கவில்லை, நான் உட்பட. அதனால் என் மகள் 8 வாரம் முன்னாலேயே 1,240 கிராமில் பிறந்தாள் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கர்ப்பகாலப் பிரஷர் நோய் வருவதானால் வந்தே தீர்ந்திருக்கலாம். ஆனால் வருகிறது என்று 10 நாள் முன்பே தெரிந்திருக்கும். அந்த 10 நாளின் மதிப்பு என்னவென்று பச்சிளங்குழந்தை வார்டு வாசலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் இது சாதாரணமாக நடக்கும் விஷயம். பெண் எடுப்பது கீழே, கட்டிக்கொடுப்பது மேலே. எனக்குப் பிறந்த வீடு கீழே தமிழ்நாட்டில் கம்பம், புகுந்த வீடு மேலே கேரளாவில் குமுளி, நடுவில் ஒரு மலைச்சாலையும் ஒரு மாநில எல்லையும். இவர் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியன். எனக்கு முதல் பிரசவம், வயது 31. கர்ப்பம் உறுதியானதும் குமுளி பக்கம் சுகாதார நிலையத்தில் பதிவு செய்தோம். ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி மாதம் தவறாமல் வீட்டுக்கே வந்து கேட்டுப் போவார். 10-வது வாரத்தில் 100/60, 20-வது வாரத்திலும் கிட்டத்தட்ட அதேதான். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கம்பத்தில் மறுபடியும் பதிவு, புது அட்டை. அங்கே எழுதிய முதல் அளவு 122/80. நர்ஸ் அக்கா "நல்லா இருக்கும்மா" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அந்த அட்டையை மட்டும் பார்ப்பவருக்கு அது நல்ல பிரஷர்தான். எனக்கு அது 20 புள்ளிக்கு மேல் ஏற்றம் என்று சொல்லும் அட்டை மேலே பீரோவில் கிடந்தது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 அல்லது அதற்கு மேல், சில மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்தும் இருந்தால்தான் கர்ப்பகால ரத்த அழுத்தம் என்பார்கள். அதோடு சிறுநீரில் புரதமும் போனால் பிரீ எக்லாம்ப்சியா. 160/110-ஐ எட்டினால் தீவிரம். எல்லைக்கோடு 140/90 என்பதால் அதற்குக் கீழே இருக்கும் எதையும் பலர் கண்டுகொள்வதில்லை. பிரசவத்துக்காக ஊர் மாறுகிறவர்கள் 20 ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, எத்தனையாவது வாரம், பிரஷர், எடை, சிறுநீரில் புரதம், இந்த ஐந்தும் எங்கே பார்த்தாலும் அந்த ஒரே நோட்டில் ஏற வேண்டும். பழைய அட்டையைப் போட்டோ எடுத்து வைத்தால் போதாது, அதை எடுத்துக் காட்டவும் வேண்டும். "இவங்களுக்கு ஆரம்பத்துல 100/60" என்று நீங்களே வாய் விட்டுச் சொல்லுங்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, டாக்டருக்குத் தெரியாததா நான் சொல்லப்போகிறேன் என்று.

நவம்பர் கடைசியில் கால் வீங்க ஆரம்பித்தது. "உப்பு நீர்டி, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அம்மா பார்லித் தண்ணி வைத்துக் கொடுத்தார். சாயந்திரம் வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துபோகும் கால் வீக்கம் நிறைய பேருக்கு வருவதுதான், உண்மை. எனக்கு வந்தது அது இல்லை. காலையில் எழும்போதே முகம் உப்பியிருந்தது. வளைகாப்பில் குலுங்கிக்கொண்டிருந்த கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டை விட்டு அசையவில்லை. மோதிரத்துக்குச் சோப்புப் போட்டும் கழலவில்லை. 10 நாளில் 3 கிலோ கூடினேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், பிள்ளை தேறுகிறது என்று. பக்கத்து வீட்டு அக்கா முகத்தைப் பார்த்தே பையன்தான் என்று சொல்லிவிட்டார். பிள்ளை தேறவில்லை, எனக்குள் நீர் தேங்கியிருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. முகமும் கையும் வீங்குவது, ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறுவது, இந்த இரண்டையும் உப்பு நீர் என்று தள்ளாதீர்கள். அன்றே பிரஷர் பாருங்கள்.

டிசம்பர் முதல் வாரம் முதலாளி கூப்பிட்டார். சீசன் நேரம், கணக்கு நிற்கிறது, 3 நாள் வந்து முடித்துக் கொடும்மா என்றார். போக வேண்டாம் என்று அம்மா சொன்னதைக் கேட்காமல் மேலே போனேன். ஐயப்ப சீசன் ஆனதால் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிவிட்டிருந்தார்கள், உட்கார்ந்தே இடுப்பு விட்டுப்போனது. மறுநாள் ஆஷா சேச்சி பார்த்துவிட்டு முகம் சரியில்லையே என்று சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். 136/86. "கொஞ்சம் கூடுதலா, மூத்திரம் நோக்கணும்" என்று நர்ஸ் சொன்னார். வெளியே கடை ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ஏறிவிட்டேன். இரண்டு நிமிட வேலை அது. ஒரு சின்னப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து நிறம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் நான் அதிகம் நினைத்து நினைத்துக் குமைவது அந்த ஹாரனைத்தான்.

அன்று சாயந்திரமே தலைவலி. அத்தை தைலம் தேய்த்துவிட்டார். மாத்திரை போட்டும் போகவில்லை. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது, லேசாக இல்லை, இருட்டில் மின்மினி மாதிரி. கம்ப்யூட்டரைப் பார்த்ததால் என்று நினைத்தேன். ராத்திரி 2 மணிக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே, வலது விலாவை ஒட்டி ஒரு வலி. கேஸ் என்று ஓமத் தண்ணி குடித்தேன், வாந்தி வந்தது. இவரிடம் வீடியோ காலில் சொன்னேன், "ராத்திரி என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வலி வயிற்றுக்கோளாறு இல்லை, கல்லீரல் வீங்குவதால் வருவது. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி, மேல்வயிற்று வலி, முகவீக்கம், சிறுநீர் குறைவது. 20 வாரத்துக்கு மேல் இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நான் 3 மணி நேரம் காத்திருந்தேன்.

5 மணிக்கு அத்தை ஜீப் பிடித்தார். எங்கே போவது என்பதில் வாசலிலேயே ஒரு பஞ்சாயத்து. கோட்டயம் மெடிக்கல் காலேஜ் 100 கிலோமீட்டருக்கு மேல், அதில் பாதி மலைச்சாலை. தேனிக்கு அந்தப்பக்கம் க.விலக்கு அரசு மெடிக்கல் காலேஜ் 70 சொச்சம், மலை இறங்கிவிட்டால் நேர் ரோடு. கீழே போவதென்று முடிவானது. அதோடு நேராகப் போயிருக்க வேண்டும். வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதலில் காட்டிவிடலாம் என்று டிரைவர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். ஊரும் பேரும் வேண்டாம். அங்கே 170/110, சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். 15,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள், அத்தை வளையலைக் கழற்றாத குறையாகக் கட்டினார். ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். பெரிய டாக்டர் வருவார் வருவார் என்று மதியம் 1 மணி ஆனது. வந்தவர் பிரிண்ட் எடுத்த ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இங்க வச்சுப் பார்க்க முடியாது, உடனே பெரிய ஆஸ்பத்திரி போங்க" என்றார். பில் தீர்க்காமல் ரிப்போர்ட்டைக் கையில் தர மாட்டோம் என்று கவுன்டரில் இன்னொரு அரை மணி. 6,300 ரூபாய் திருப்பித் தந்தார்கள். பணம் போனது பெரிதில்லை, 7 மணி நேரம் போனதுதான் பெரிது.

இதில் நான் கற்றது உங்களுக்கு உதவும். தீவிரமான பிரஷரோடு வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்றால், கிளம்புவதற்கு முன் கேளுங்கள்: "ஜன்னி, அதாவது வலிப்பு, வராம இருக்க மெக்னீசியம் ஊசி போட்டாச்சா? பிரஷர் குறைய மருந்து கொடுத்தாச்சா? பிள்ளையோட நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி ஆரம்பிக்கலாமா?" முதல் டோஸ் போட்டு அனுப்பலாம், பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அல்லது ஒரே ஊசி இரண்டு தரம் ஆகிவிடும். எனக்கு எதுவுமே போடாமல் அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் 6,000. கம்பத்தில் பைபாஸ் ஓரமாக அம்மா ஒரு கட்டைப் பையோடு நின்று ஏறிக்கொண்டார்.

க.விலக்கில் நுழைந்த பத்தாவது நிமிடம் ஊசி ஏறிவிட்டது. அதற்கு முன் ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துப் பார்த்தார். டிரிப் போட நரம்பு கிடைக்கவில்லை, வளையல் கழலவில்லை. சின்ன கத்தரிக்கோல் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்தார். வளைகாப்பு வளையலை உடைக்கக்கூடாது என்று அம்மா வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். மெக்னீசியம் ஊசி பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். நரம்பில் ஏறும்போது உடம்பெல்லாம் தீ வைத்த மாதிரி சூடு பரவும், தொண்டை வரை எரியும். செத்துப்போகிறோம் என்றே நினைத்தேன். அது மருந்தின் குணம், சில நிமிடத்தில் அடங்கும். முதலில் நரம்பில் 4 கிராம், அப்புறம் இடுப்பில் இரண்டு பக்கமும் 5, 5 கிராம். பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம். ஒவ்வொரு முறையும் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள், மூச்சை எண்ணினார்கள், டியூபில் எவ்வளவு சிறுநீர் இறங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டால் முதலில் அந்த முழங்கால் துள்ளல்தான் போகுமாம். அதை முறிக்கும் மருந்தாகக் கால்சியம் ஊசியும் பக்கத்திலேயே எடுத்து வைத்திருந்தார்கள். டாக்டர்கள் தலைமாட்டில் நின்று "ஹெல்ப்", "ஹெல்ப்" என்று பேசிக்கொண்டார்கள். யாரையோ உதவிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அது ஒரு நோயின் பெயர் என்று பிறகு சொன்னார்கள். சிவப்பணு உடைவது, கல்லீரல் கெடுவது, தட்டணு குறைவது மூன்றும் சேர்ந்து வருவது. எனக்குத் தட்டணு 92,000. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது.

அப்போதுதான் டாக்டரம்மா கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது பிரசவத்தில் பிரஷரோ ஜன்னியோ வந்ததுண்டா என்று. நான் இல்லை என்றேன். பின்னால் நின்ற அம்மா மெதுவாக, "எனக்கு வந்துச்சு. இவளப் பெத்தப்ப. எனக்கே நெனவில்ல, எங்க அம்மா சொல்லும், ரெண்டு நாளு கண்ணே தொறக்கலன்னு" என்றார். 31 வருடமாக எனக்குத் தெரியாத சங்கதி. அம்மாவுக்கு அது நல்ல நாளில் பேசக்கூடாத பேச்சு. முதல் பிரசவம், அதோடு அம்மாவுக்கும் வந்திருக்கிறது என்று 12-வது வாரத்திலேயே சொல்லியிருந்தால் தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆரம்பித்திருப்போம் என்றார் டாக்டரம்மா. அது கட்டாயம் தடுக்கும் என்றில்லை, ஆபத்தைக் குறைக்கும். 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். டாக்டர் சொல்லாமல் நீங்களாகப் போடக்கூடாது. ஆனால் உங்கள் அம்மாவிடமும் அம்மாச்சியிடமும் இப்போதே கேளுங்கள். பெரியவர்கள் பிரஷர் என்று சொல்ல மாட்டார்கள், "ஜன்னி வந்துச்சு", "பிள்ளை எட்டுல தவறிப்போச்சு", "கண்ணு இருட்டிருச்சு" என்றுதான் சொல்வார்கள்.

எல்லோரும் கேட்ட கேள்வியை நானும் கேட்டேன், உப்பு அதிகம் சாப்பிட்டதாலா, டென்ஷனாலா, மலை ஏறி இறங்கியதாலா என்று. அத்தை ஊறுகாய் மேல் பழி போட்டிருந்தார். டாக்டரம்மா எங்கள் பள்ளத்தாக்குக்காரர் போல. "தேக்கடி மதகு சரியாத் திறக்கலைன்னா கீழ கம்பத்துல வயல் என்னாகும்? அதுமாதிரிதான்" என்றார். நஞ்சுக்கொடி வேர் பிடிக்கும் ஆரம்ப மாதங்களிலேயே அம்மாவின் ரத்தக்குழாய்கள் அகலமாக விரிந்து கொடுக்க வேண்டும். சிலருக்கு விரிவதில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் குறைந்த வயல் நிலைமை, வளர்ச்சி தேங்குகிறது. பட்டினி கிடக்கும் அந்த நஞ்சுக்கொடி வெளிவிடும் பொருட்கள் அம்மாவின் ரத்தக்குழாய்களைக் கெடுத்து பிரஷரை ஏற்றுகின்றன. ஆகவே ஊறுகாயும் இல்லை, நானும் இல்லை. உப்பை நிறுத்துவதால் இது நிற்காது, படுத்தே கிடப்பதாலும் போகாது. நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் இறங்க ஆரம்பிக்கும். பிரஷர் மாத்திரையெல்லாம் அதுவரைக்கும் எனக்கு மூளையில் ரத்தக்கசிவு வராமல் காப்பதற்கு.

31 வாரம் முடிந்து சில நாள். 48 மணி நேரம் தாக்குப்பிடித்தால் பிள்ளையின் நுரையீரலுக்கான டெக்சாமெத்தசோன் ஊசி நான்கும் முடிந்துவிடும், 12 மணிக்கு ஒன்று. மூன்றுதான் முடிந்தது. இரண்டாம் நாள் இரவு தட்டணு 64,000-க்கு இறங்கியது, பிள்ளையின் நாடித்துடிப்பும் தடுமாறியது. உடனே ஆபரேஷன் என்றார்கள். முதுகில் ஊசி போட முடியாது, முழு மயக்கம். கையெழுத்து யார் போடுவது என்றபோது அம்மாவும் அத்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானே போட்டேன். ஷார்ஜாவில் இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். டிசம்பர் 9, அதிகாலை 1 மணி சுமாருக்கு மகள் பிறந்தாள். நான் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அவள் அழவுமில்லையாம்.

மூன்று நாள் நான் அவளைப் பார்க்கவில்லை. பிறந்த பிறகும் 24 மணி நேரம் மெக்னீசியம் ஓடும். அம்மாவின் போனில் ஒரு போட்டோ மட்டும். உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் போட்டோவைப் பார்த்து எனக்குப் பாசம் பொங்கவில்லை, பயம்தான் வந்தது. தோல் சுருங்கி, நெற்றியில் வயசாளி மாதிரி கோடு விழுந்து, மூக்கில் குழாய். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் என் காது கேட்கவே, "ஏழுல பொறந்தா பொழைக்கும், எட்டுல பொறந்தது தங்காது" என்றார். அந்தச் சொலவடையைச் சொல்கிற வாயை அடைக்க ஒரு தகவல்: வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். ஏழை விட எட்டு நல்லது, எட்டை விட ஒன்பது நல்லது. குழந்தை டாக்டரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு இதைத்தான் சொன்னார்.

அவளுக்கு என்னென்ன வந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் நான் தனித்தனியாக உயிர் போய் வந்தேன். 32 வாரத்துக்கு 1,700 கிராம் அளவில் இருக்க வேண்டியவள் 1,240. குறைமாதம் என்பதோடு வயிற்றுக்குள்ளேயே பட்டினி கிடந்தவள். மூச்சுக்கு 3 நாள் சி-பேப், மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் மெஷின். முதல் மணி நேரத்தில் சர்க்கரை 28-க்கு இறங்கிக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சேமிப்பு இல்லாத பிள்ளைகளுக்கு அது சட்டென்று இறங்குமாம். துணி மாதிரி துவண்டு கிடந்தாள். எனக்கு ஏற்றிய மெக்னீசியம் கொஞ்சம் அவளுக்கும் போயிருக்கும், இரண்டொரு நாளில் தெளியும் என்றார்கள், தெளிந்தாள். என்னைப் போலவே அவளுக்கும் தட்டணு குறைவு, அது ஒரு வாரத்தில் தானாக ஏறியது. மஞ்சள் காமாலைக்கு 2 நாள் நீல விளக்கு. இடையிடையே மூச்சு விட மறந்துவிடுவாள், மெஷின் கத்தும், அதற்குக் காஃபின் மருந்து. எடை 1,120 வரை இறங்கியது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. முதல் வாரத்தில் இறங்குவது வழக்கம் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். 13-வது நாள்தான் பிறந்த எடைக்கே திரும்பினாள்.

பால் விஷயம் மட்டும் கொஞ்சம் விரிவாக. பிள்ளை பக்கத்தில் இல்லை, ஆபரேஷன், பிரஷர், பால் எப்படி வரும்? முதல் நாள் கையால் பிழிந்ததில் கிண்ணத்தின் அடி கூட நனையவில்லை. பவுடர் வாங்கி வரட்டுமா என்று அம்மா கேட்டார். நர்ஸ் விடவில்லை. "2 மில்லி வந்தாலும் கொண்டா, அதுதான் அவளுக்கு மருந்து" என்றார். முதலில் குழாய் வழியாக 2 மில்லிதான் கொடுத்தார்கள், 2 மணிக்கு ஒருமுறை. குறைமாதப் பிள்ளையின் குடலைப் புண்ணாக்கும் நோய்க்கு எதிராகத் தாய்ப்பாலுக்கு நிகர் எதுவும் இல்லை என்றார்கள். ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து எடுத்தேன். பத்தாம் நாள் தேவைக்கு மேலேயே வந்தது. அப்புறம் பாலாடையில், அப்புறம் நேராக. மூச்சு நிலைத்ததும் மார்போடு மார்பாக வெற்றுத்தோலில் வைத்துக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறை. நாளுக்கு 8, 10 மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள் மேல் பாசம் வந்தது அந்த நாற்காலியில்தான், பிறந்து 9 நாள் கழித்து. தாமதமாக வந்ததற்காக நான் குற்ற உணர்ச்சி கொண்டதெல்லாம் வீண்.

நடுவில் என்னை நான் மறந்துவிட்டேன். ஐந்தாம் நாள் பால் கிண்ணத்தோடு படியேறும்போது அதே தலைவலி. நஞ்சுக்கொடிதான் வந்துவிட்டதே, இனி என்ன என்று இரண்டு வேளை மாத்திரையைத் தவறவிட்டிருந்தேன். 162/104. பிரசவத்துக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் மறுபடி உச்சத்துக்குப் போகும், ஜன்னி கூட வரலாம், 6 வாரம் வரை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தார்கள், யார் படித்தார்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலி வந்தால் காற்று பட்டது, காதில் பஞ்சு வை என்றுதான் நம் வீடுகளில் சொல்வார்கள். பஞ்சு வையுங்கள், பிரஷரும் பாருங்கள். நான் 1,850 ரூபாய்க்குக் கையில் கட்டும் மெஷின் வாங்கினேன். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்கப் பார்க்க வேண்டும். எனக்கு மாத்திரை நிற்க 8 வாரம் ஆனது.

பணக்கணக்கு. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், ரத்தம், மருந்து, பிள்ளைக்கு ஒரு மாத மெஷின் வைத்தியம் எதற்கும் காசில்லை. 2011-லிருந்து ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இதெல்லாம் இலவசம், மேலே கேரளாவிலும் கீழே தமிழ்நாட்டிலும். தனியாரில் பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.வில் 34 நாள் என்றால் நாங்கள் வீட்டை விற்றிருக்க வேண்டும். எங்களுக்குச் செலவானது தனியாரில் 8,700, ஆம்புலன்ஸ் 6,000, அம்மாவுக்கு அறை வாடகையும் சாப்பாடும் 13,500, ஆட்டோ பஸ் 4,000, பிரஷர் மெஷின் 1,850, இவர் அவசர டிக்கெட் 34,000. மொத்தம் 68,050. என் சம்பளம் 3 மாதம் போனது தனி. பிறப்புச் சான்றிதழுக்கு ஆர்.சி.எச். எண், அதாவது கர்ப்பத்தைப் பதிந்த எண், கேட்டார்கள். மேலே பதிந்தது ஒன்று, கீழே பதிந்தது ஒன்று, என் பேரின் எழுத்து இரண்டிலும் வேறு. அதற்கு 2 நாள் அலைந்தேன். ஊர் மாறும்போதே எந்தப் பதிவில் பிரசவம் என்று நர்ஸிடம் பேசி ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு 4 நாள் முன்பு 1,640 கிராமோடு வீட்டுக்கு வந்தாள். அதற்குள் கண் பரிசோதனை ஒருமுறை ஆகியிருந்தது. குறைமாதப் பிள்ளைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய் முழுதாக வளர்ந்திருக்காது, 4 வாரத்துக்குள் முதல் முறை பார்த்தே ஆக வேண்டும். பிள்ளை நன்றாகத்தானே முழிக்கிறது என்று விட்டு, பார்வை போன பிறகு வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி நர்ஸ் சொன்னார். நாங்கள் மூன்று முறை போனோம், மூன்றாம் முறைதான் இனி வர வேண்டாம் என்றார்கள். காது பரிசோதனையும் செய்தோம். தடுப்பூசியைப் பிறந்த தேதிப்படி போட வேண்டும், குப்புற விழுவது, உட்காருவதையெல்லாம் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். இது தெரியாமல் அத்தை மாதாமாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கண்ணைக் கசக்கினார். 15-வது மாதத்தில் நடந்தாள்.

இப்போது என் பிரஷர் 124/82-ல் நிற்கிறது. வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், இந்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இதயநோயும் வர வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். இன்னொரு பிள்ளை பற்றி இவர் கேட்கிறார், நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

போன மாதம் தங்கைக்கு நாள் தள்ளிப்போனது. உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். முதல் செக்கப்புக்கு அம்மாவும் கூடப் போனார். நான் எழுதிக் கொடுத்த நோட்டைத் தங்கை நீட்டுவதற்குள் அம்மாவே டாக்டரிடம், "எனக்கு ஜன்னி வந்துச்சுங்க, இவ அக்காவுக்குப் பிரஷர்ல 8 மாசத்துல எடுத்தாங்க" என்று ஆரம்பித்துவிட்டாராம். 12-வது வாரம் வந்து மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் அளவு 108/70. அதைத் தங்கை அங்கேயே எழுதி எனக்குப் போட்டோ அனுப்பினாள், எழுத்து கோணலாக இருந்தது, எண் சரியாக இருந்தது.